மூடிய கதவும் திறந்த வழியும்: மேரி மெக்லவுட் பெத்யூன் அம்மையார்

வெள்ளி விழாக் காணும் கல்விச் சங்கம் ஒன்றின் மலரில் எவருடைய வாழ்வை எழுதலாம் என்று எண்ணிப் பார்த்தபோது, கடல் கடந்த நாட்டில் வாழ்ந்து மறைந்த ஓர் அம்மையாரின் நினைவே நம் உள்ளத்தில் முந்தி நின்றது. அவர் நம் நாட்டவர் அல்லர். நம் மொழி அறிந்தவரும் அல்லர். எனினும், அடிமைகளாய் விற்கப்பட்ட மக்களின் மரபிலே தோன்றி, ஏட்டைத் தொடுவதற்கும் உரிமை இல்லை என்று தடுக்கப்பட்டு, பின்னாளில் பல தலைமுறைப் பிள்ளைகளின் கையில் ஏட்டைக் கொடுத்த ஒருவரின் வரலாறு நம் போன்றோருக்கு அயலார் வரலாறு ஆகாது. அவரே அமெரிக்க நாட்டின் மேரி மெக்லவுட் பெத்யூன் அம்மையார்.

துன்பம் வந்துற்றபோது, இது தெய்வத்தின் சித்தம் என்று சொல்லி வாய்மூடி இருப்பார் உளர். தெய்வமே இல்லை என்று மனங்கசந்து ஒதுங்குவாரும் உளர். பெத்யூன் அம்மையார் இவ்விரண்டையும் செய்திலர். தமக்கு இழைக்கப்பட்ட தீங்கைத் தீங்கு என்றே அறிந்தார். ஆயினும், அத்தீங்கின் நடுவிலும் ஆண்டவர் தமக்கு ஒரு பணியை வைத்திருக்கிறார் என்று நம்பி, அப்பணி யாது என்று தேடினார். தேடிக் கண்டடைந்தார். அந்தத் தேட்டத்தின் கதையையே இங்கே எழுதப் புகுகின்றோம்.

பருத்திக் காட்டில் பிறந்த பிள்ளை

அமெரிக்காவின் தென்கரோலினா மாநிலத்தில் மேஸ்வில் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகே 1875-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள் மேரி பிறந்தார். தந்தை சாமுவேல், தாய் பாட்சி ஆகிய இருவரும் அடிமைகளாக வாழ்ந்தவர்கள். அவர்களுக்குப் பிறந்த பதினேழு மக்களுள் மேரி பதினைந்தாமவர். மூத்த பிள்ளைகளிற் பலர் அடிமைத்தளையிலேயே பிறந்தவர்கள். 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பின்னரே அக்குடும்பம் ஒன்று கூடி ஒரு கூரையின்கீழ் வாழ முடிந்தது. மேரி விடுதலைக்குப் பின் பிறந்த பிள்ளை. இதனை அக்குடும்பத்தார் ஒரு நல்ல குறியாகவே கருதி மகிழ்ந்தனர்.

விடுதலை வந்தது என்றாலும் வயிறு நிறைந்துவிடவில்லை. தாயார் தம் பழைய எசமானரின் குடும்பத்திற்கே உழைத்தார். தந்தையார் உழவுத் தொழில் செய்தார். இருவரும் சிறுகச் சிறுகச் சேர்த்து ஐந்து ஏக்கர் நிலம் வாங்கி, அதில் தம் கையால் மரக்குடில் ஒன்றை எழுப்பினர். சொந்த நிலம் என்பது அக்காலத்தில் அம்மக்களுக்கு எத்துணைப் பெரிய செல்வம் என்பதை நம் மூத்தோர் அறிவர். பிள்ளைகள் அனைவரும் விடியுமுன் எழுந்து பருத்திக் காட்டில் இறங்குவர். மேரியும் சிறு வயதிலேயே தோளில் சாக்கினைத் தொங்கவிட்டுப் பருத்தி எடுத்தவரே. பொழுது சாய்ந்ததும் அக்குடிலில் ஜெபம் நடக்கும். எழுத்தறியாத பெற்றோர், திருமறையின் கதைகளைச் செவிவழியே கேட்டு நெஞ்சில் நிறுத்தியவர்கள். அந்த வீட்டு ஜெபமே மேரியின் விசுவாசத்திற்கு விதையாயிற்று.

தடுக்கப்பட்ட ஏடு

தாயார் வெள்ளையர் வீடுகளுக்குத் துணி வெளுத்துக் கொடுத்து வந்தார். ஒரு நாள் மேரியும் அவருடன் சென்றிருந்தார். அவ்வீட்டுக் குழந்தைகள் விளையாடும் அறையில் ஒரு புத்தகம் கிடந்தது. ஆவலோடு அதனைக் கையில் எடுத்தார் மேரி. அங்கிருந்த வெள்ளைச் சிறுமி உடனே அதனைக் கீழே வைக்கும்படி அதட்டினாள். உன் இனத்தாருக்கு வாசிக்கத் தெரியாது, உனக்கு எதற்குப் புத்தகம் என்னும் பொருள்படக் கூறினாள். அச்சிறுமி தன் வீட்டார் பேசக் கேட்டதையே சொல்லியிருத்தல் கூடும். ஆனால் அச்சொல் மேரியின் உள்ளத்தில் ஆழத் தைத்தது.

அந்த இளம் வயதிலேயே அவர் ஒன்றை உணர்ந்துகொண்டார். தம் மக்களுக்கும் வெள்ளையருக்கும் உள்ள வேற்றுமை பிறப்பில் வந்ததன்று; வாசிக்கத் தெரிந்தவன், தெரியாதவன் என்னும் வேற்றுமையே மற்ற வேற்றுமைகளையெல்லாம் தாங்கி நிற்கும் தூண். அந்தத் தூணைச் சாய்க்கவேண்டும். அதற்குத் தாம் வாசிக்கக் கற்கவேண்டும். அவமானம் ஆவலாக மாறிய அந்த நாளைப் பின்னாளில் பல மேடைகளிலே அவர் நினைவுகூர்ந்ததுண்டு.

அக்காலத்தில் விடுதலை பெற்ற மக்களுக்கென்று பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் அறப்பணிக் குழுவினர் மேஸ்வில்லில் பள்ளியொன்றை நடத்தினர். எம்மா ஜேன் வில்சன் என்னும் கறுப்பினப் பெண்மணி அதன் ஆசிரியை. எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்ப வகையில்லாத அவ்வீட்டில், மேரி ஒருவரே தேர்ந்தனுப்பப்பட்டார். நாள்தோறும் போகும்போது ஐந்து மைல், வரும்போது ஐந்து மைல். மாலையில் வீடு திரும்பியதும், அன்று தாம் கற்றதை உடன்பிறந்தாருக்குக் கற்றுக் கொடுப்பார். அயலார்க்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும், பருத்தியின் எடையையும் விலையையும் கணக்கிட்டுச் சொல்வதும் அவர் வேலையாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை ஊரிலிருந்தால், எடைக் கல்லின் முன் ஊரார் ஏமாறாமல் இருக்கலாம். கல்வி என்பது தமக்கென்று வைத்துக்கொள்ளும் பொருளன்று என்பதை மேரி கற்ற முதற் பாடசாலை அதுவே எனலாம்.

தையற்கலைஞரின் காணிக்கை

மேஸ்வில் பள்ளியின் படிப்பு முடிந்ததும் மேற்கொண்டு படிக்க வழியின்றி மேரி மீண்டும் பருத்திக் காட்டிற்கே திரும்பினார். அப்போது எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்தது. கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் மேரி கிறிஸ்மன் என்னும் வெள்ளையின அம்மையார் தையல் தொழில் செய்து வாழ்ந்து வந்தார். அவர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர், செல்வர் அல்லர். தாம் ஊசியும் நூலும் கொண்டு ஈட்டியதில் ஒரு பகுதியை, கறுப்பினப் பிள்ளை ஒருவரின் படிப்புக்கென்று அவர் ஒதுக்கினார். அதற்குத் தகுதியானவராக எம்மா வில்சன் ஆசிரியை தேர்ந்தெடுத்தது மேரியையே.

இவ்வுதவியால் 1888-ஆம் ஆண்டு வடகரோலினா மாநிலத்தில் காங்கார்டு என்னும் ஊரிலிருந்த ஸ்கோஷியா பெண்கள் கல்விக்கூடத்தில் மேரி சேர்ந்தார். அங்கே வெள்ளை ஆசிரியரும் கறுப்பின ஆசிரியரும் ஒருங்கே பணிபுரிந்தனர். நிறத்தால் பிரிக்கப்படாமல் மனிதர் கூடி வாழ முடியும் என்பதை அவர் கண்ணாரக் கண்டது அங்கேதான். விடுதியில் துணி துவைத்தும், சமையல் செய்தும், தரை துடைத்தும் தம் செலவில் ஒரு பங்கினை ஈடுசெய்தார். முகமறியாத ஒரு தையற்கலைஞர் ஈந்த சிறு தொகையே பின்னாளில் ஒரு பல்கலைக்கழகத்திற்கு வித்தாயிற்று என்பதை எண்ணும்போது, சிறு காணிக்கை என்று எதனையும் நாம் எளிதாகக் கருத இயலாது.

மூடிய கதவு

ஆப்பிரிக்க நாட்டிற்கு மிஷனரியாகச் செல்லவேண்டும் என்பதே மேரியின் இளமைக் கனவு. தம் முன்னோரைச் சங்கிலியிட்டுக் கொண்டுவந்த அந்த மண்ணிற்கே நற்செய்தியைச் சுமந்து செல்லவேண்டும் என்று அவர் பல்லாண்டு ஜெபித்து வந்தார். அதற்கெனவே 1894-இல் சிகாகோ நகரம் சென்று, மூடி என்னும் புகழ்பெற்ற நற்செய்தியாளர் நிறுவிய வேதாகமப் பள்ளியில் பயின்றார். பயிற்சி முடிந்ததும் பிரெஸ்பிட்டேரியன் மிஷன் குழுவிற்கு விண்ணப்பம் செய்தார்.

விடை வந்தது. கறுப்பினத்தவர்க்கு ஆப்பிரிக்காவில் மிஷனரிப் பணியிடம் இல்லை என்பதே அந்த விடை.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவரைத் தடுத்தது அயல் சமயத்தார் அல்லர்; கிறிஸ்துவின் பெயரால் இயங்கிய குழுவினரே. ஐந்து மைல் நடந்து கற்றதும், அடுப்படியில் உழைத்துக் கற்றதும், இரவும் பகலும் ஜெபித்ததும் ஒரே வரியில் ஒன்றுமில்லாமற் போயின. தம் வாழ்வில் நேர்ந்த ஏமாற்றங்களுள் இதுவே மிகப் பெரியது என்று முதுமையிலும் அவர் கூறியதுண்டு. அந்த மறுப்பை நியாயம் என்று அவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டிலர். திருச்சபையாரின் குற்றத்தைத் தெய்வத்தின் தலையில் ஏற்றியதும் இல்லை. மனிதர் கதவை அடைத்துவிட்டனர்; ஆயின், தம்மை அழைத்தவர் அழைப்பைத் திரும்பப் பெறவில்லை என்பதே அவருடைய உறுதி. அவ்வாறாயின், பணி எங்கே?

இதற்கு விடை ஜார்ஜியா மாநிலத்தின் ஆகஸ்டா நகரில் கிடைத்தது. அங்கே லூசி கிராஃப்ட் லேனி என்னும் கறுப்பினப் பெண்மணி ஹெய்ன்ஸ் கல்விக்கூடத்தை நடத்தி வந்தார். அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த லேனி அம்மையார், ஏழைப் பிள்ளைகளைத் திரட்டிக் கலையும் அறிவியலும் கற்பித்து வந்தார். அவரிடம் ஆசிரியையாகச் சேர்ந்த மேரி, கந்தலாடையோடு திரிந்த பிள்ளைகளைக் கண்டார். தாம் கடல் கடந்து தேடப்போன மக்கள் தம் வாசலிலேயே நிற்கின்றனர் என்று அவருக்குப் புலனாயிற்று. ஆப்பிரிக்காவிலுள்ள மக்களுக்கு எத்துணைத் தேவையோ அத்துணைத் தேவை அமெரிக்காவிலுள்ள அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உண்டு என்று தெளிந்தார். அன்று முதல் அவருடைய மிஷன் களம் அவர் பிறந்த நாடே ஆயிற்று.

ஒன்றரை டாலர்

1898-இல் ஆல்பெர்ட்டஸ் பெத்யூன் என்பவரை மணந்தார். மறு ஆண்டு ஆண்மகவு ஒன்று பிறந்தது. பின்னர் புளோரிடா மாநிலத்துப் பலாட்கா என்னும் ஊரில் மிஷன் பள்ளியொன்றில் கற்பித்தும், சிறையிலிருப்போரைச் சந்தித்து ஆறுதல் கூறியும், வருவாய்க்கென ஆயுள் காப்பீட்டுத் தொழில் செய்தும் சில ஆண்டுகள் கழித்தார். அக்காலத்தில் புளோரிடாவின் கீழைக் கடற்கரையில் இருப்புப்பாதை போடும் வேலைக்காகக் கறுப்பினத் தொழிலாளர் திரளாக வந்து குடியேறினர். டேட்டோனா நகரில் அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிப்பார் இலர் என்று கேள்வியுற்று, அம்மையார் மகனுடன் அவ்வூர் சேர்ந்தார்.

அப்போது அவர் கையிலிருந்த பணம் ஒன்றரை டாலர். திங்கள் ஒன்றுக்குப் பதினொரு டாலர் வாடகைக்குச் சிறிய வீடொன்றைப் பேசினார். 1904-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஐந்து பெண் பிள்ளைகளோடும் தம் மகனோடும் பள்ளியைத் தொடங்கிவிட்டார். பிறர் எறிந்த மரப்பெட்டிகள் இருக்கைகளாயின; கரிந்த மரச் சில்லுகள் எழுதுகோல்களாயின; காட்டுப் பழத்தின் சாறு மையாயிற்று. சாக்குகளைத் துவைத்து, மரங்களில் தொங்கும் பாசியை உலர்த்தித் திணித்து மெத்தை தைத்தனர். இரவில் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பலகாரம் சுட்டு, பகலில் இருப்புப்பாதைத் தொழிலாளரிடம் விற்றனர். பிள்ளைகள் பாட்டிசைத்துச் சுற்றுலா விடுதிகளில் நன்கொடை திரட்டினர். அம்மையார் மிதிவண்டியேறி வீடு வீடாகச் சென்று கையேந்தினார்.

விசுவாசத்தைக் குறித்து எழுதுவோர் சிலர், ஜெபித்தவுடன் வானத்திலிருந்து பொருள் வந்து விழுந்தாற்போல எழுதுவர். அம்மையாரின் விசுவாசம் அத்தகையதன்று. வாடகை நாள் வருமுன் முழந்தாளிட்டு ஜெபித்தவரும் அவரே. எழுந்து பலகாரக் கூடையைத் தலைப்பட்டவரும் அவரே. ஜெபம் அவருக்கு வேலைக்கு மாற்றாக அமையவில்லை. வேலைக்கு வேண்டிய தெம்பாக அமைந்தது.

குப்பை மேட்டில் எழுந்த மண்டபம்

பிள்ளைகள் பெருகவே இடம் போதவில்லை. நகரத்துக் கழிபொருள்களைக் கொட்டி வந்த ஒரு குப்பை மேட்டினை விலைபேசினார். நரகக் குழி என்பது அதற்கு ஊரார் இட்ட பெயர். முன்பணம் ஐந்து டாலர். பலகாரம் விற்ற சில்லறையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோய் அம்மையார் அதனைச் செலுத்தினார் என்பர். அவ்விடத்தில் 1907-இல் நாற்புறமும் மரத்தாலான ஒரு கட்டடம் எழுந்தது. அதற்கு விசுவாச மண்டபம் என்று பெயர் சூட்டினார்.

சோப்புத் தொழிலில் பெரும் பொருளீட்டிய ஜேம்ஸ் கேம்பிள் என்னும் செல்வரைத் தம் பள்ளியின் அறங்காவலராக இருக்கும்படி அம்மையார் வேண்டினார். அவர் வந்து பார்த்தபோது பெட்டிகளும் மண்மேடுமே கண்ணுக்குப் பட்டன. எந்தப் பள்ளிக்கு அறங்காவலராக வேண்டும் என்று அவர் வியந்து கேட்டார். தம் உள்ளத்தில் எழுந்து நிற்கும் பள்ளிக்கு என்று அம்மையார் விடை பகர்ந்தார். அவ்வுறுதியைக் கண்ட செல்வர் உடன்பட்டு, நெடுநாள் துணைநின்றார்.

துன்பம் ஒவ்வொன்றும் இவர் கையில் ஒரு நிறுவனமாக மாறியது என்பதற்கு மற்றுமொரு சான்று கூறுவோம். பள்ளி மாணவி ஒருத்திக்குக் குடல்வால் அழற்சி கண்டு, உடனே அறுவை செய்யவேண்டிய நிலை ஏற்பட்டது. வெள்ளையர் மருத்துவமனையில் மன்றாடிச் சேர்த்தார். மறுநாள் சென்று பார்த்தபோது, அப்பிள்ளை நோயாளர் கூடத்தில் இல்லை; சமையற்கட்டை அடுத்த பின் திண்ணையில் கிடத்தப்பட்டிருந்தாள். அம்மையார் மனம் கொதித்தார். அக்கொதிப்பு வீண்போகவில்லை. 1911-இல் தம் பெற்றோர் பெயரால் மெக்லவுட் மருத்துவமனையைத் தொடங்கினார். கறுப்பின நோயாளர் முன்வாசல் வழியே நுழையும் மருத்துவமனை அது. கறுப்பினப் பெண்கள் செவிலியர் பயிற்சி பெற்றதும் அங்கேயே.

விசுவாசமும் உரிமையும்

1920-இல் அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. ஆயினும் தென் மாநிலங்களில் கறுப்பினத்தார் வாக்களிக்கவேண்டுமெனில் தலைவரி கட்டவேண்டும். எழுத்தறிவுத் தேர்விலும் தேறவேண்டும். அம்மையார் வரிக்குப் பணம் திரட்டினார். தேர்வுக்கென இரவு வகுப்பு நடத்தினார். இதனைப் பொறாத கு கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளையர் வன்முறைக் கூட்டத்தார், தேர்தலுக்கு முன் இரவில் வெள்ளங்கி தரித்துத் தீப்பந்தங்களோடு பள்ளி வளாகத்தில் நுழைந்தனர். அம்மையார் அஞ்சிப் பின்வாங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் ஏறத்தாழ நூறு பேரை அழைத்துச் சென்று வாக்களிக்கச் செய்தார். பொறுமை என்னும் கிறிஸ்தவப் பண்பினை அடங்கிப்போதல் என்று பொருள்கொள்வார்க்கு இந்நிகழ்ச்சி தக்க விடையாகும்.

பள்ளி வளர்ந்தது. 1923-இல் மெதடிஸ்டு திருச்சபையார் ஜாக்சன்வில் நகரில் நடத்தி வந்த குக்மன் கல்விக்கூடத்தோடு இணைந்தது. 1931-இல் பெத்யூன்-குக்மன் கல்லூரி என்று பெயர் பெற்று, 1941-இல் நான்காண்டுப் பட்டக் கல்லூரியாக உயர்ந்தது. அம்மையார் 1935-இல் நீக்ரோப் பெண்கள் தேசிய மன்றத்தை நிறுவினார். 1936 முதல், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அரசின் தேசிய இளைஞர் நிர்வாகத்தில் கறுப்பின இளைஞர்க்கான பிரிவினை நடத்தினார். கூட்டாட்சி அரசில் ஒரு பிரிவின் தலைமையை ஏற்ற முதற் கறுப்பினப் பெண் அவரே. வறுமையால் படிப்பை விடவிருந்த மாணவர் பலர் அந்நிர்வாகத்தின் உதவி ஊதியத்தால் படிப்பைத் தொடர்ந்தனர். 1945-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் அவை உருவானபோது, தம் மக்கள் சார்பில் அங்கே அமர்ந்து, காலனி நாட்டு மக்களின் உரிமைக்கும் குரல் கொடுத்தார்.

ஆப்பிரிக்க மண்ணில்

1952-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஆப்பிரிக்காவின் லைபீரியக் குடியரசுத் தலைவர் டப்மன் மீண்டும் பதவியேற்றார். அவ்விழாவிற்கு அமெரிக்க அரசு அனுப்பிய தூதுக்குழுவில் பெத்யூன் அம்மையாரும் இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது 76. கறுப்பினத்தவளுக்கு ஆப்பிரிக்காவில் இடமில்லை என்று மிஷன் குழு மறுத்து ஏறத்தாழ 57 ஆண்டுகள் கடந்திருந்தன. சாதாரண ஊழியராகக்கூட ஏற்கப்படாதவர் ஒரு நாட்டின் பிரதிநிதியாக அம்மண்ணில் கால் வைத்தார்.

இதனால் அந்தப் பழைய மறுப்பு சரியாகிவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம். அநீதி அநீதியே. அதன் விளைவை நன்மையாக்கியது அநீதி செய்தோரின் கருணையன்று. அதனைத் தாங்கியவரின் விசுவாசமும் உழைப்புமே.

1955 மே 18-ஆம் நாள் டேட்டோனாவில் தம் இல்லத்திலேயே மாரடைப்பால் காலமானார். தாம் எழுப்பிய கல்லூரி வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். இறப்பதற்குச் சிறிது காலம் முன்பு ஓர் உயில் வரைந்திருந்தார். அதில் நிலமும் பொன்னும் இல்லை. அன்பு, நம்பிக்கை, கல்வித் தாகம், விசுவாசம் முதலியவற்றையே தம் மக்களுக்கு எழுதிவைத்திருந்தார். 1974-இல் தலைநகர் வாஷிங்டனின் லிங்கன் பூங்காவில் அவருக்குச் சிலை எழுந்தது. 2007-இல் அவருடைய கல்லூரி பல்கலைக்கழகமாயிற்று. 2022 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துச் சிலை மண்டபத்தில் புளோரிடா மாநிலத்தின் சார்பாக அவருடைய பளிங்குச் சிலை திறக்கப்பட்டது. அதற்கு முன் அம்மாநிலத்தின் சார்பாக நின்றது, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்னாட்டுப் படைத் தளபதி ஒருவரின் சிலை. அதனை அகற்றிவிட்டே அடிமைகளின் மகளது சிலை அங்கே நிறுவப்பட்டது.

நமக்குரிய பாடம்

இம்மலரை ஏந்தி நிற்கும் நம்மில் பலர், தடுக்கப்பட்ட ஏட்டின் கதையை நம் பாட்டன் பாட்டிமாரிடமிருந்து கேட்டவர்களே. ஆதலால் அம்மையாரின் துன்பத்தை நமக்கு எவரும் விளக்கவேண்டுவதில்லை. அத்துன்பத்தை அவர் என்ன செய்தார் என்பதே நாம் கருத்தூன்றிக் காணவேண்டியது. ஏடு தடுக்கப்பட்டபோது பள்ளி கண்டார். பின் திண்ணையில் பிள்ளை கிடத்தப்பட்டபோது மருத்துவமனை கண்டார். மிஷன் களம் மறுக்கப்பட்டபோது தம் வாசலிலேயே அதனைக் கண்டார். துன்பம் அவருக்கு நோக்கத்தைத் தரவில்லை. துன்பத்தின் நடுவில், இப்போது என் பணி யாது என்று ஆண்டவரைக் கேட்டதே அவருக்கு நோக்கத்தைத் தந்தது.

சமய நம்பிக்கை உடையாரும் இல்லாரும் நம் சங்கத்தில் உளர். யாவரும் தத்தம் உள்ளத்தில் இக்கேள்வியை எழுப்பிக்கொள்ளலாம். இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கத்திற்கு எத்தனையோ கதவுகள் அடைபட்டிருக்கும். அவற்றை எண்ணிக் கசந்திராமல், நம் தெருவில் இன்னும் பள்ளிக்கு வாராத பிள்ளை எது, படிப்பை நிறுத்தக் கருதியிருக்கும் பெண் யார் என்று தேடிச் செல்வோமாக. நம் கையில் ஒன்றரை டாலருக்குக் குறையாத பொருள் நிச்சயம் இருக்கும்.

வாழ்க பெத்யூன் அம்மையார் புகழ்! வளர்க கல்விப் பணி!